உத்தியோகத்தில் சேராத குண்டு

கரும்பலகையின் முன்னே – 9

ஆறு வயதுப் பையன் ஒருவன் வகுப்பறையில் துப்பாக்கியால் சுட்டதனால் அவனுடைய ஆசிரியைக்கு நேர்ந்த காயம், நூற்பாலைத் தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்குவதைப் போன்ற, உத்தியோகத்தோடு ஒட்டிய விபத்துதானா, அல்லது ஆசிரியர் வேலைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாதா என்ற கேள்வி, 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நீதிமன்றத்தின் முன் வந்தது. விபத்துதான், உத்தியோகத்தைச் சேர்ந்ததுதான் என்று வாதித்தது, அந்த ஆசிரியைக்குச் சம்பளம் கொடுத்துவந்த பள்ளி வாரியம். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் குண்டடி படுவது அடங்காது என்பது ஆசிரியையின் கட்சி. ஆசிரியர்கள்மீது நடக்கும் பலாத்காரத்தைப் பற்றி எழுத முற்பட்டபோது எங்கெங்கோ நடந்த எத்தனையோ சம்பவங்கள் நினைவுக்கு வந்தபோதிலும், இந்த ஒரு வழக்கையே விஸ்தாரமாகச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்த வாதம்தான். ஏனெனில், மற்ற இடங்களில் அதிகாரிகள் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற ஓர் அபிப்பிராயத்தை, இங்கே வக்கீல்கள் எழுத்தில் வடித்து, கையொப்பமிட்டு, கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார்கள்.

நியூபோர்ட் நியூஸ் என்பது ஜேம்ஸ் நதி கடலை அடையும் இடத்தில் அமைந்த ஒரு துறைமுக நகரம். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்கள் எல்லாம் அவ்வூர்த் தளத்தில்தான் கட்டப்படுகின்றன. அந்நகரத்து ரிச்னெக் ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தவர் அபிகெய்ல் ஸ்வெர்னர். அப்போது அவருக்கு வயது 25. 2023 ஜனவரி 6-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஆகச் சில நிமிஷங்களே இருந்த வேளையில், வாசிப்பு மேஜையருகே அவர் உட்கார்ந்திருக்க, அவர் வகுப்புப் பையன் ஒருவன் தன் மேற்சட்டைப் பையிலிருந்து 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து அவரை நோக்கி நீட்டி, விசையை இழுத்தான். தற்காப்பாக உயர்த்திய இடது கையைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, மார்பின் மேற்பகுதியில் பாய்ந்து அங்கேயே தங்கியது. அந்த நிலையிலும் அவர் குழந்தைகளையெல்லாம் அறைக்கு வெளியே ஓடச் செய்துவிட்டு, தாமும் தள்ளாடியபடி பள்ளி அலுவலகம் வரையில் நடந்துபோய், அங்கே விழுந்தார். வாசிப்புப் பயிற்சி தரும் மற்றோர் ஆசிரியை அந்த அறைக்குள் புகுந்து, போலீஸார் வரும்வரையில் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டன. ஆறு வயது என்ற அந்த எண் ஒன்றே போதும், தலைப்பு எழுதுகிறவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. குழந்தை கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்டார்கள். தாயாருடையது, சட்டப்படி விலைக்கு வாங்கியது என்று தெரிந்தது. அலமாரி உச்சியில், விசைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்ததாகத் தாயார் சொன்னார். புலனாய்வாளர்கள் தேடியும் அப்படியொரு பூட்டு அகப்படவில்லை. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிய அந்நாட்டின் பழைய சர்ச்சை மறுபடி ஒருமுறை எழுந்து, வழக்கம்போல் அடங்கிற்று. அச்சர்ச்சை அவசியமற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சப்தத்தில், வெடி தீர்வதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இரண்டரை மணி நேரம் நடந்துகொண்டிருந்த வேறொரு காரியம் வெகுநாள் வரையில் எவர் காதிலும் விழாமல் போயிற்று.

பையனைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். முந்திய வருஷம் பாலர் வகுப்பில் இருக்கும்போது அவன் ஓர் ஆசிரியையின் கழுத்தை நெரித்திருக்கிறான். அவனுக்குக் கடுமையான குறைபாடு ஒன்று உண்டென்றும், அதற்கான ஏற்பாட்டின்படி பெற்றோரில் ஒருவர் தினந்தோறும் அவனோடு வகுப்பில் வந்து உட்காருவது வழக்கமென்றும் குடும்பத்தார் பிற்பாடு தெரிவித்தார்கள். அந்த வாரத்தில்தான் முதன்முறையாக எவரும் வரவில்லை. புதன்கிழமையன்று அவன் ஆசிரியையின் கைப்பேசியைப் பிடுங்கித் தரையில் அறைந்து உடைத்தான்; அதற்காக ஒரு நாள், அதாவது வியாழக்கிழமை மாத்திரம், பள்ளிக்கு வரக்கூடாதென்று தண்டனை விதித்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்தான். ஒரு நாள் விலக்கி வைத்ததனால் என்ன மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தார்களோ, எனக்கு விளங்கவில்லை. கோபம் கொண்ட குழந்தைக்கு வீட்டில் சும்மா இருக்க ஒரு நாள் கிடைத்தது என்பதைத் தவிர அந்தத் தண்டனைக்கு வேறு பொருள் தெரியவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வழக்கின் தஸ்தாவேஜுகளிலிருந்தும் சாட்சியங்களிலிருந்தும் கிடைக்கும் விவரம் இது. காலை சுமார் பதினொன்றே கால் மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில் ஸ்வெர்னர் துணைத் தலைமையாசிரியையின் அறைக்குச் சென்று, பையன் இன்று உக்கிரமான மனநிலையில் இருக்கிறான், பாலர் வகுப்புக் குழந்தையொன்றை அடிப்பேன் என்று மிரட்டினான் என்று தெரிவித்தார். துணைத் தலைமையாசிரியை நிமிர்ந்து பார்க்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை என்பது ஸ்வெர்னர் தரப்பின் கூற்று. சிறிது நேரத்தில் வகுப்புக் குழந்தைகள் இருவர், அவன் பையில் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று வாசிப்பு ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பையனைக் கேட்டார். அவன் இல்லையென்றான், பையைத் தரவும் மறுத்தான். பன்னிரண்டரை மணி சுமாருக்குக் குழந்தைகள் விளையாடப் போன சமயம் பார்த்து அவர் பையைச் சோதித்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால், வெளியே போகுமுன் அவன் பையிலிருந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைத் தாம் கண்டதாக ஸ்வெர்னர் அவரிடம் சொல்லியிருந்தார். இது துணைத் தலைமையாசிரியைக்குத் தெரிவிக்கப்பட்டபோது, துப்பாக்கி கொள்ளுமளவுக்கு அவன் சட்டைப் பை பெரிதல்லவே என்ற பதில் வந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஒரு மணிக்குப் பிறகு, வேறு வகுப்பு ஆசிரியை ஒருவரிடம் ஒரு சிறுவன் பயந்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான்: விளையாட்டு நேரத்தில் அவன் துப்பாக்கியைக் காட்டினான், வெளியே சொன்னால் உன்னை என்ன செய்கிறேன் பார் என்றும் மிரட்டினான். அந்த ஆசிரியை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். பைதான் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டதே என்றார்கள். அதன் பின்னர், மாணவர்களுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பிலிருந்த உத்தியோகஸ்தர் ஒருவர், பையனின் உடலைச் சோதிக்கத் தமக்கு அனுமதி வேண்டுமென்று கேட்டார். அவன் தாயார் இன்னும் சற்று நேரத்தில் வந்து அழைத்துப் போய்விடுவார், பொறுங்கள் என்று உத்தரவாயிற்று. தலைமையாசிரியைக்கு இவற்றில் ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வெடிச் சப்தம் கேட்டது.

இந்த வரிசையை நான் படிக்கிறபோதெல்லாம் என்னைத் தடுத்து நிறுத்துவது அந்தக் குழந்தைகள் நடந்துகொண்ட விதம். ஆறு வயது, ஏழு வயதுச் சிசுக்கள்; துப்பாக்கி என்பதன் முழு அர்த்தம் அவர்களுக்கு எட்டுமோ எட்டாதோ; ஆனால், கண்டதைப் பெரியவர்களிடம் சொல்லிவிடவேண்டும் என்ற ஞானம் இருந்தது, மிரட்டப்பட்ட பிறகும் சொன்னார்கள். அவர்களிடம் கேட்ட ஆசிரியைகளும் சிறுபிள்ளை பேச்சென்று தள்ளாமல் உடனுக்குடன் மேலே தெரிவித்தார்கள். செய்தி கீழேயிருந்து மேலே ஏறுகிற வழியில் ஒருவரும் தவறவில்லை. மேலே போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. பள்ளிக்கூடப் பலாத்காரத்தைக் குறித்து எழுதுகிற நிபுணர்கள், முன்னெச்சரிக்கை அடையாளங்களைக் கண்டறிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று சலிக்காமல் சொல்லிவருகிறார்கள். ரிச்னெக் பள்ளியில் அடையாளங்களைக் கண்டறிவதில் ஒரு குறையும் இருக்கவில்லை. கண்டறிந்தவர்களுக்கு ஒரு பையனின் சட்டைப் பையில் கையை விட்டுப் பார்க்கும் அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரம் இருந்த ஒருவருக்கு அவர்கள் வார்த்தையில் நம்பிக்கை இருக்கவில்லை.

அந்தத் துணைத் தலைமையாசிரியையை ஒரு ராட்சஸியாகச் சித்திரிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆபீஸில் உட்கார்ந்து முறையீடுகளைக் கேட்டே காலந்தள்ளுகிற எவருக்கும், அன்றாடம் வருகிற முறையீட்டின் கனம் அன்றாடம் குறைந்துகொண்டே போகும். அதிலும் குறைபாடுள்ள குழந்தை. தொட்டுச் சோதித்து ஒன்றும் அகப்படாமற் போனால் நாளைக்குப் பெற்றோர் வந்து நிற்பார்கள். ஒரு தரம் பையைச் சோதித்து ஏமாந்ததும் ஆயிற்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் பள்ளி விடப்போகிறது, தாயாரும் வரப்போகிறார் என்று நாழிகையைத் தள்ளிப்போடுவது, உத்தியோக வாழ்க்கையில் பழகிய எவருக்கும் புரியாத குணமல்ல. அந்தக் குணம் ஒரு தனி மனுஷியிடம் மட்டும் குடிகொண்டிருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை, சம்பவம் நடந்து பதினொன்றாம் நாள் கூடிய பள்ளி வாரியத்தின் பொதுக்கூட்டத்தில் கிடைத்தது.

ஜனவரி 17-ஆம் தேதி நடந்த அந்தக் கூட்டத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மணிக்கணக்கில் பேசினார்கள். அநேகமாக எவரும் அந்தப் பையனைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பள்ளியிலும், ஆசிரியர்களும் மற்றச் சிப்பந்திகளும் பிள்ளைகளும் அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அடித்த பிள்ளை நாளைக்கோ மறுநாளோ அதே வகுப்புக்கு அதே மாதிரி திரும்பிவிடுகிறான் என்றும், மேலதிகாரிகளுக்கு வேண்டுவது வருகைக் கணக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் கணக்கும் பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே என்றும் சொன்னார்கள். வாரியம் அம்மாதம் முடிவதற்குள் கல்விக் கண்காணிப்பாளரை நீக்கியது. துணைத் தலைமையாசிரியை ராஜினாமா செய்தார். பள்ளிகளுக்கென 90 உலோகச் சோதனை வாசல்கள் வாங்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் விசேஷ கிராண்ட் ஜூரி வெளியிட்ட அறிக்கையோ, பையனின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு ஒன்று பள்ளியில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் போயிருந்ததை வெகு அதிருப்தியோடு குறிப்பிட்டது. கோப்பு காணாமற்போவது எந்தத் தேசத்து ஆபீஸிலும் நடக்கக்கூடியது என்று நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆயினும், சென்ற வருஷம் ஓர் ஆசிரியையின் கழுத்தை நெரித்தவன் இவன் என்று இந்த வருஷத்து ஆசிரியைக்குச் சொல்ல அந்தக் காகிதத்தை விட்டால் நாதி ஏது?

கணக்கு நன்றாக இருக்கவேண்டும், பெயர் கெடக்கூடாது என்ற இந்த ஆசை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு தொழிற்பள்ளியில் 1950-இல் சொற்ப காலம் உபாத்தியாயராக இருந்து, தாங்கமாட்டாமல் வேலையை விட்ட இவான் ஹன்ட்டர் என்ற எழுத்தாளர், அந்த அனுபவத்தை வைத்து 1954-இல் ‘பிளாக்போர்ட் ஜங்கிள்’ என்ற நாவலை எழுதினார். மறுவருஷம் அது சினிமாவாக வந்து, மாணவர்களிடம் அடிபடும் ஆசிரியரின் பாத்திரத்தை நாடெங்கும் பிரசித்தமாக்கியது. அப்படத்தை வெனிஸ் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோனபோது, இத்தாலியில் அமெரிக்கத் தூதராக இருந்த கிளேர் பூத் லூஸ் அம்மையார், இது நம் தேசத்தைப் பற்றி அந்நியர்களுக்குத் தவறான எண்ணம் கொடுக்கும் என்று ஆட்சேபித்து, விழாவிலிருந்தே அகற்றச் செய்தார். ராஜதந்திரிக்கு ராஜதந்திரியின் கவலை. ஆனாலும் ஒரு ஆசிரியர் அடிபடுகிறார் என்ற செய்தியைக் கேட்டவுடன், அடிபடுகிறவரைவிட அடிபடும் செய்தியைப் பற்றி முதலில் கவலைப்படுவது தூதரகங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

எவ்வளவு பேர் அடிபடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓரளவு விடையும் இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு ஒன்று, நோய்த்தொற்றினால் பள்ளிகள் பெரும்பாலும் அரைகுறையாக நடந்த 2020–21-ஆம் ஆண்டில், ஆசிரியர்களும் மற்றவர்களுமாகச் சுமார் 15,000 பள்ளி ஊழியர்களிடம் விசாரித்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டது. மாணவர்களால் திட்டப்பட்டோ மிரட்டப்பட்டோ இருக்கிறோம் என்று சொன்ன ஆசிரியர்கள் மூன்றில் ஒரு பங்கு. பெற்றோரால் அவ்வாறு நடத்தப்பட்டவர்கள் நூற்றுக்கு 29. மாணவர்களிடம் உடலில் அடி பட்டவர்கள் நூற்றுக்கு 14. வேலையை விட்டுவிடவோ வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளவோ எண்ணியவர்கள் ஏறக்குறையச் சரிபாதி. இவற்றுள் என் மனத்தில் தைத்தது பெற்றோரைப் பற்றிய எண். பள்ளிக்கூடத்தில் பலாத்காரம் என்றால் நாம் பையன்களை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் நம் வாசகர்களில் சிலர், ஏன், பலருமே, உள்ளுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பிரம்பை வாத்தியார் கையிலிருந்து பிடுங்கினோம், அதனால் வந்த வினை இது என்பதே அது. 2012 பிப்ரவரியில் சென்னைப் பாரிமுனைக்கு அருகில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றபோதும், சினிமாவைக் குறை சொன்னவர்களுக்கு அடுத்தபடியாகப் பலமாகக் கேட்ட குரல் அதுதான். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலாலும் மனத்தாலும் வதைப்பதைத் தடை செய்கிறது. வர்ஜீனியாவில் பள்ளிகளில் அடிப்பதை 1989-இலேயே சட்டத்தால் விலக்கிவிட்டார்கள். அமெரிக்கா முழுவதற்கும் அப்படியொரு தடை கிடையாது; பள்ளியில் அடிப்பது அரசியலமைப்புக்கு விரோதமானதல்ல என்று 1977-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சில மாநிலங்களில் இன்றைக்கும் மரப்பலகையால் அடி விழுகிறது. அங்கெல்லாம் ஆசிரியர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அது நிற்க, ரிச்னெக் பள்ளியில் அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வெர்னர் கையில் ஒரு பிரம்பு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? அவருக்கு வேண்டியிருந்தது, மேலதிகாரி ஒருவர் எழுந்து வந்து அந்தப் பையன் பக்கத்தில் நிற்பது, அவ்வளவே. அடிக்கும் அதிகாரம் வேறு, தன் சொல்லை மேலிடத்தில் நம்ப வைக்கும் அதிகாரம் வேறு. பிரம்பு செழித்த காலத்திலும் நம்மூர் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயருக்கு முன்னது தாராளமாக இருந்ததேயன்றிப் பின்னது இருந்ததில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் அவர் கைகட்டி நின்றார். பிள்ளையின் தகப்பனார் ஊரில் செல்வாக்குள்ளவராக இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலும் கைகட்டி நின்றார். அந்தச் செல்வாக்கற்றவர் பிள்ளைகள் முதுகில்தான் பிரம்பு விளையாடிற்று என்பதையும் பிரம்பின் பெருமை பேசுகிறவர்கள் சற்று நினைத்துக்கொள்ளவேண்டும்.

வழக்குக்குத் திரும்புகிறேன். அந்த வருஷம் ஏப்ரலில் ஸ்வெர்னர் 4 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வாரியத்தின்மீதும் அதிகாரிகள்மீதும் தாவாத் தொடுத்தார். வேலைநேரத்தில், வேலையிடத்தில் நேர்ந்த காயத்துக்குத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படிதான் பரிகாரம் கிடைக்கும், கோர்ட்டுக்கு வரவே இடமில்லை என்று வாரியம் பதில் தாக்கல் செய்தது. அந்தச் சட்டத்தின்படி, சம்பளத்தில் ஒரு பகுதி 500 வாரங்கள் வரையிலும், வைத்தியச் செலவு ஆயுள் முழுவதும் கிடைக்கலாம். ஆனால் யார் மீது தப்பு என்ற பேச்சே எழாது. ஆலைக் காயங்களுக்கு அது நியாயமான ஏற்பாடு. யார் தப்பு என்று வருஷக்கணக்கில் வழக்காடிக்கொண்டிராமல் தொழிலாளிக்குக் கைமேல் பணம் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டம் பிறந்தது. இங்கே அது தலைகீழாகப் பிரயோகமாயிற்று: தப்பைப் பற்றி ஒருவரும் கேட்காதிருப்பதற்காக. சிறு பிள்ளைகளால் எவருக்கும் ஆபத்தில்லாத ஓர் உலகம் இருந்தால் உத்தமந்தான், ஆனால் வாஸ்தவத்தில் உலகம் அப்படியில்லையே என்ற தோரணையில் வாரியத்து வக்கீல்கள் எழுதினார்கள். இந்தப் பெருமூச்சைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியை நடத்துகிறவர்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அதன் விபரீதம் தெரிகிறது: எங்கள் பள்ளிகள் ஆபத்தானவை, அதைத் தெரிந்துகொண்டுதானே வேலைக்கு வந்தாய் என்பதற்குமேல் அதில் வேறு என்ன இருக்கிறது?

நீதிபதி அதை ஏற்கவில்லை. மாணவனால் சுடப்படும் அபாயம் முதல் வகுப்பு ஆசிரியையின் வேலைக்கே உரித்தான அபாயமாகாது. ஆகையால் சாதாரண சிவில் வழக்காக நடக்கலாம் என்று 2023 நவம்பரில் உத்தரவிட்டார். ஆயினும், விசாரணை உண்மையில் தொடங்க மேலும் இரண்டு வருஷங்கள் ஆயின. 2025 அக்டோபர் இறுதியில் ஜூரியின் முன் வழக்கு வந்தபோது, கண்காணிப்பாளர், தலைமையாசிரியை எல்லோரும் ஒவ்வொருவராக வழக்கிலிருந்து விலகிப்போயிருந்தார்கள். பிரதிவாதியாக மிஞ்சியவர் அந்தத் துணைத் தலைமையாசிரியை ஒருவரே. நடந்து முடிந்த பிறகு இப்படி நடக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பது எளிது, ஆறு வயதுக் குழந்தை சுடுவான் என்று எவர்தான் எதிர்பார்ப்பார் என்றார் அவர் வக்கீல். எதிர்பாராதது என்ற வாதத்தை நானும் ஒப்புக்கொள்ளத் தயாராகவே இருந்திருப்பேன், ஒரு மத்தியானத்துக்குள் வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து துப்பாக்கி, துப்பாக்கி என்று சொல்லாதிருந்தால். பயமாக இருந்தால் ஆசிரியையே குழந்தைகளை வெளியே அழைத்துப் போயிருக்கலாமே என்றும் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது. மேலிடத்தில் முறையிட்டவரையே, முறையிட்டும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பது நமக்கும் பழக்கமான தர்க்கந்தான்.

நவம்பர் 6-ஆம் தேதி ஜூரி தீர்ப்பளித்தது: துணைத் தலைமையாசிரியையின் அசட்டை மிகக் கடுமையானது, அவர் 1 கோடி டாலர் நஷ்டஈட்டுக்கு உத்தரவாதி. குற்ற வழக்கும் அவர்மீது தனியே தொடுக்கப்பட்டிருந்தது. குழந்தைகளின் பாதுகாப்பை அசட்டை செய்ததாக எட்டுக் குற்றச்சாட்டுகளை, துப்பாக்கியிலிருந்த குண்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டுக் கிராண்ட் ஜூரி 2024-இல் சுமத்தியது. அவற்றில் ஒன்றுகூட ஆசிரியையின் பெயரால் எழுந்ததல்ல. சுடாத குண்டுகளுக்கும் கணக்கு வைத்த குற்றச் சட்டம், உடம்பில் குண்டு தங்கிய ஒருத்தியை, நீயே போய் சிவில் கோர்ட்டில் கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டது. தாயாருக்கு, கஞ்சா உபயோகத்தை மறைத்து ஆயுதம் வாங்கிய குற்றத்துக்காக மத்திய நீதிமன்றம் 21 மாதமும், குழந்தையைக் கவனியாத குற்றத்துக்காக மாநில நீதிமன்றம் 2 வருஷமும் சிறைவாசம் விதித்தன. பையன்மீது வழக்கில்லை; அந்த வயதுக் குழந்தையைக் கூண்டில் ஏற்றும் எண்ணம் தமக்கில்லை என்று அரசாங்க வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், அது சரியும்கூட.

ஸ்வெர்னருக்குக் கையில் பல தடவை சஸ்திர சிகிச்சை நடந்தது. இடது கை முன்போல் முழுதும் மடங்குவதில்லை. வெளியே எடுப்பது உள்ளே விடுவதைவிட ஆபத்து என்பதால் மார்பிலுள்ள குண்டை வைத்தியர்கள் தொடவில்லை. அவர் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அழகுக்கலைப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டார். அவர் வகுப்பிலிருந்த குழந்தைகள் இப்போது மேல் வகுப்புகளுக்குப் போயிருப்பார்கள். கண்டதைச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை, சொன்னதற்குப் பலன் இருக்கவில்லை. இதற்கு நேர்மாறான ஒரு பள்ளியும் உண்டு: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2014-இல், நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையைக் கொல்லப்போவதாகப் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் தோழர்கள் பலரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தும், பெரியவர்கள் எவர் காதுக்கும் அது வரவில்லை, பிற்பாடு மரண விசாரணை நடந்தபோது, அந்தத் தோழர்களைச் சாட்சியாக அழைத்துக் கேட்கவேண்டும் என்று ஆசிரியையின் கணவர் விடாமல் மன்றாடியும், விசாரணை அதிகாரி அதற்கு இணங்கவில்லை. அந்த வழக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.